மிளகாய் முதல் புகைமூட்டம் வரை: மூச்சுக்குழாய் நரம்புகள் பற்றித் தோட்டத்து மக்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றேன். வேலைதான் ஓய்ந்தது, கேள்விகள் ஓயவில்லை. சாப்பாட்டுக் கடையிலும் கோவில் வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இருமல், தொண்டை எரிச்சல், நெஞ்சடைப்பு ஆகியவைதான் பேச்சு. நுரையீரலைப் பற்றிக் கேட்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஓடும் நரம்பிழைகளைப் பற்றி. எரிச்சலை உணர்வதும் இருமலைத் தூண்டுவதும் அந்த இழைகளே. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

சம்பாலுக்குக் காய்ந்த மிளகாயை வதக்கினால் வீட்டில் எல்லாரும் இருமுகிறோமே, ஏன்?

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். சூடான எண்ணெயில் மிளகாய் விழும்போது அது நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகிறது. மூச்சோடு உள்ளே போய், நரம்பிழைகளின் நுனியில் இருக்கும் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிஆர்பிவி1 என்பது அந்தப் புரதத்தின் பெயர். கதவு போலத் திறந்து மூடும் புரதம் அது. திறந்ததும் கால்சியமும் சோடியமும் இழைக்குள் பாய்கின்றன, மின்துடிப்பு பிறக்கிறது, மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. மறு நொடி இருமல்.

இந்தப் புரதம் மிளகாய்க்காக உண்டானதன்று. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் அது திறக்கும், அமிலத்துக்கும் திறக்கும். அதனால்தான் காரம் 'எரிகிறது'. தொண்டையில் நெருப்பே இல்லை, ஆனால் நெருப்பைச் சொல்ல வேண்டிய நரம்பு துடிக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுக்கூடம் இந்தப் புரதத்தின் மரபணுவைக் கண்டறிந்தது. அதற்காக 2021-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. மற்றொரு பங்கைப் பெற்ற ஆர்டெம் பட்டபூட்டியன் தொடுகையையும் இழுவையையும் உணரும் புரதங்களைக் கண்டுபிடித்தவர். மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிவதை நரம்புகள் அறிவது அவற்றில் ஒன்றால்தான்.

இன்னொரு வேடிக்கை. பறவைகளின் உடலிலும் இதே புரதம் உண்டு, ஆனால் அதில் கேப்சைசின் வேலை செய்யாது. வீட்டுக்குப் பின்னால் நட்ட ஊசி மிளகாயைப் பறவைகள் கூசாமல் கொத்தித் தின்பதன் இரகசியம் இதுதான்.

பெலாச்சான் என்ற இறால் விழுதின் நாற்றம் வேறு விவகாரம். அது மணத்தை அறியும் நரம்பின் வேலை. அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். மிளகாய் நெடியில் அவர்களும் சேர்ந்து இருமுவார்கள்.

மூச்சுக்குழாயில் ஒரே வகை நரம்புதான் இருக்கிறதா?

இல்லை. ஏறக்குறைய எல்லா இழைகளும் வேகஸ் என்ற பெரிய நரம்பின் வழியாகவே மூளைத்தண்டுக்குப் போகின்றன. ஆனால் ஒவ்வொரு வகை இழைக்கும் ஒவ்வொரு வேலை.

முதல் வகை, நுரையீரல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று ஒவ்வொரு மூச்சிலும் சொல்லிக்கொண்டிருப்பது. 'போதும், இனி வெளியே விடு' என்பது அதன் செய்தி. ஹெரிங், பிராயர் என்ற இருவர் 1868-இலேயே இந்த அனிச்சைச் செயலை விவரித்துவிட்டார்கள். இந்த இழைகளுக்குத் தடித்த கொழுப்புறை உண்டு, செய்தி விரைவாகப் போகும்.

இரண்டாவது வகை, பெரிய மூச்சுக்குழாயிலும் குரல்வளையிலும் இருக்கிறது. சோற்றுப் பருக்கை புரையேறினாலோ, அமிலம் பட்டாலோ, உடனே இருமச் செய்வது இதுவே. விலங்குகளில் செய்த சோதனைகளில் இந்த இழை கேப்சைசினைக் கண்டுகொள்ளவில்லை. தொடுகைதான் இதற்கு முக்கியம்.

மூன்றாவதைச் சி-இழை என்பார்கள். உறை இல்லாத, மிக மெல்லிய இழை. இதில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் போகும், நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் எண்ணிக்கையில் இதுதான் பெரும்பான்மை. மூக்கிலிருந்து காற்றுப்பைகள் வரை எங்கும் பரவியிருக்கிறது. மிளகாய், புகை, அழற்சியில் ஊறும் வேதிப்பொருட்கள் ஆகியவற்றை அறிவது இது. தொண்டையில் ஊறும் அரிப்பு, இருமினாலும் தீராத அந்தக் குறுகுறுப்பு, பெரும்பாலும் இதன் வேலை.

தும்மல் வேறு. மூக்கின் உள்ளே எரிச்சலைக் கவனிப்பது முகத்துக்குரிய முந்நரம்பு. வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வருவதும் அதே நரம்பால்தான்.

ரப்பர் பால் ஸ்டோரில் அமோனியா திறந்தால் மூக்கு வெடிக்கிறது. ஆனால் நெஞ்சுக்குள் ஒன்றும் தெரிவதில்லை. அது நல்லதா?

பெரும்பாலும் நல்லதுதான், காரணம் அமோனியாவின் குணம். ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியாவை ஊற்றுகிறோம், உறைய வைக்கப் பார்மிக் ஆசிட்டை ஊற்றுகிறோம். இரண்டும் தண்ணீரில் எளிதில் கரையும். மூக்கும் தொண்டையும் ஈரமான இடங்கள், எனவே ஆவி அங்கேயே கரைந்து அங்கேயே எரிக்கிறது. நரம்பு கத்துகிறது, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறீர்கள். ஆழத்துக்குப் போவதற்குள் ஆள் வெளியே வந்துவிடுகிறார்.

மூடிய அறையில் கலன் கவிழ்ந்து ஓட வழியில்லாமல் போனால் இந்தக் கணக்கு செல்லாது. அமோனியா நிறையப் போனால் நுரையீரல்வரை வெந்துபோகும்.

கவலைப்பட வேண்டியது எளிதில் கரையாத வாயுக்களைப் பற்றி. நைட்ரஜன் டைஆக்சைடு அப்படிப்பட்டது. மேலே அதிகம் எரிக்காது, மெதுவாகக் காற்றுப்பைகள்வரை இறங்கிவிடும், பல மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் தொடங்கும். எரிச்சல் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக் கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கும் புகைமூட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரே தொல்லைதானா?

அடிப்படை ஒன்றுதான். ரப்பர் மரக்கட்டையை எரித்தாலும் கரிநிலத்தில் (மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலத்தில்) காடு புகைந்தாலும் அக்ரோலின் என்ற பொருள் வெளிப்படும். சி-இழையின் நுனியில் டிஆர்பிவி1-க்குத் துணையாக டிஆர்பிஏ1 என்றொரு புரதம் உண்டு. கடுகின் நெடி, அக்ரோலின், குளோரின், ஓசோன், கலகத் தடுப்புப் போலீஸ் வீசும் கண்ணீர்ப்புகை, இத்தனைக்கும் அதுவே திறக்கிறது. கடுகு தாளிக்கும் வாசமும் கண்ணீர்ப்புகையும் நரம்புக்கு ஒரே பாதை என்றால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை.

நரம்பு துடித்தால் இருமல் மட்டும் வருவதில்லை. மூளைத்தண்டு வேகஸ் வழியாகவே திரும்பக் கட்டளை அனுப்புகிறது: மூச்சுக்குழாய்த் தசை இறுகுகிறது, சளி சுரக்கிறது. நலமாக இருப்பவருக்கு இது கொஞ்ச நேரம். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தத் தசை ஏற்கெனவே முறுக்கிக்கொள்ளக் காத்திருக்கிறது, எனவே அதே புகையில் அவருக்கு விசில் சத்தம் வரும். இப்ராட்ரோப்பியம் என்ற, மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து தடுப்பது இந்தத் திரும்பிவரும் கட்டளையைத்தான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அரசு அவசரநிலை அறிவித்தது. 300-க்கு மேல் போனாலே அபாயம் என்பது அந்தக் குறியீட்டின் அளவுகோல். அந்த ஆண்டுப் புகை பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ராஜா மூசா கரிநிலக் காடு இருக்கிறது, வறட்சி வந்தால் அதுவும் மண்ணுக்கடியில் புகையும். மண்ணுக்கடியில் எரியும் தீ சுவாலை விடாது, முழுதாக எரியாது, ஆகவே எரிச்சலூட்டும் பொருட்கள் அதில் மிகுதி.

ஒன்றைக் கவனியுங்கள். தொண்டை எரிவது வாயுக்களாலும் பெரிய துகள்களாலும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் எரிச்சலை அதிகம் காட்டாமல் ஆழத்துக்குப் போய்விடும். துணிக் கைக்குட்டையை முகத்தில் கட்டினால் தொண்டைக்கு இதமாகத் தோன்றலாம், ஆனால் அந்தச் சிறு துகள்களை அது நிறுத்தாது. முகத்தில் ஒட்டிப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் நிறுத்தும்.

செம்பனையில் மருந்தடிக்கும் பெண்களுக்கு மூக்கில் எரிச்சல், சில நேரம் இரத்தம். இது ஏன்?

முதுகில் சுமக்கும் பம்பிலிருந்து வரும் துளிகள் பெரும்பாலும் பெரியவை, அவை மூக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். பாரகுவாட் போன்றவை அந்த மென்மையான தோலையே அரித்துவிடும், அதனால் இரத்தம். பாரகுவாட்டை மலேசியா 2002-இல் தடுத்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. தளர்த்திய அந்த ஆண்டுகளைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, ஆனால் இது அதற்கான இடமன்று. பழைய கலன் எங்காவது கொட்டகை மூலையில் இருந்தால் தொடாமல் மேலாளரிடம் சொல்லுங்கள். விழுங்கினால் அது இரத்தத்தின் வழியாகப் போய் நுரையீரலில் சேர்ந்து தழும்பாக்கிவிடும், அப்போது நரம்பு முன்கூட்டி எதையும் சொல்லாது.

இப்போது அடிக்கும் மருந்துகளிலும் எரிச்சல் தருபவை உண்டு. காற்றுக்கு எதிராக நடந்து அடிக்காமல், காற்று முதுகில் படும்படி நடந்தால் பாதித் தொல்லை குறையும்.

'எனக்குப் பழகிவிட்டது, இப்போது எரிவதில்லை' என்கிறார் என் அண்ணன். அப்படியானால் பாதிப்பு இல்லைதானே?

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு பழகுவது உண்மை. டிஆர்பிவி1 திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் மந்தமாகிவிடும். மிளகாய் நிறையச் சாப்பிடுபவருக்குக் காரம் உறைக்காமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் பழகியது நரம்பு மட்டுமே. காற்றுப்பைகளும் சளிப்படலமும் பழகுவதில்லை. அவற்றில் படியும் அளவு நேற்றுப்போலவே இன்றும் இருக்கிறது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

சிகரெட் பிடிப்பவர்களிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கேப்சைசின் கலந்த ஆவியைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்து, எந்த அளவில் ஐந்து முறை இருமுகிறார் என்று பார்ப்பது ஆய்வகங்களில் வழக்கமான சோதனை. நோயில்லாத புகைப்பிடிப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருமினார்கள். சிகரெட்டை விட்ட பிறகு சில வாரங்களில் கூர்மை திரும்பியது. 'சிகரெட்டை விட்ட பிறகுதான் இருமல் வந்தது, அதனால் மறுபடி பிடிக்கிறேன்' என்று என்னிடம் நியாயம் பேசியவர்கள் உண்டு. விட்ட பிறகு வரும் இருமலில் ஒரு பகுதி, மயங்கிக் கிடந்த நரம்பு விழித்துக்கொள்வதுதான். இரண்டு வாரம் தாண்டியும் அடங்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். சிகரெட் பக்கம் திரும்ப அது காரணமாகாது.

இன்னொரு பக்கம், நரம்பு எந்த நாளும் அறியாத நச்சும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, எந்த இழையும் அதற்குத் துடிக்காது. மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலுக்கு அருகிலோ ஓட்டாதீர்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம். தலைவலி, குமட்டல், தூக்கம். ஒரு இருமல்கூட வராமல் ஆள் போய்விடுவார்.

இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில் தந்தார்கள். அதன்பின் வறட்டு இருமல். மாத்திரைக்கும் தொண்டைக்கும் என்ன உறவு?

நேரடி உறவு. இந்த வகை மாத்திரைகள் தடுக்கும் நொதி, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையையும் செய்கிறது. நொதி நின்றால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்குகிறது, சி-இழைகளின் கூச்சம் கூடுகிறது. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஒரு குறுகுறுப்பும் இருமலும் மட்டுமே. பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய பின் பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் இருமல் அடங்கும். இந்த ஓர் உண்மை தெரியாமல் இருமல் மருந்துக்கு மாதக்கணக்கில் காசு செலவழித்தவர்கள் நம் ஊரில் நிறைய.

காய்ச்சல் போய் இரண்டு மாதம் ஆகிறது. சிரித்தால் இருமல், குளிர்ந்த காற்று பட்டால் இருமல். ஏன் நிற்கவில்லை?

கிருமி போய்விட்டது, நரம்பு மட்டும் உசாராகவே இருக்கிறது. வைரஸ் தாக்கியபோது ஊறிய வேதிப்பொருட்கள் இழைகளின் தாங்கும் அளவைத் தாழ்த்திவிட்டன. முன்பு மிளகாய் நெடிக்கு இருமியவர் இப்போது வாசனைத் திரவியத்துக்கும் பேச்சுக்கும் இருமுகிறார். இதை இருமல் மிகைக்கூச்சம் என்று மருத்துவர்கள் தனி நிலையாகவே பார்க்கிறார்கள். எட்டு வாரத்தைத் தாண்டினால் நாட்பட்ட இருமல்.

இதற்காகவே உருவான ஒரு மருந்தின் பெயர் கெஃபாபிக்ஸன்ட். சிதைந்த உயிரணுக்களிலிருந்து கசியும் ஏடிபி என்ற பொருளை உணரும் ஏற்பியை அது அடைக்கிறது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள். அதன் பக்கவிளைவு சுவாரசியமானது: நாக்கின் சுவை நரம்பிலும் அதே வகை ஏற்பி உண்டு, எனவே பலருக்குச் சுவை மாறிவிடுகிறது. இருமல் நின்றது, ரசம் ருசிக்கவில்லை என்ற கதை.

காது குடைந்தால் எனக்கு இருமல் வருகிறது. நோயா?

இல்லை. வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளைவரை வருகிறது. சிலருக்கு அங்கே தொட்டால் மூளைத்தண்டு அதைத் தொண்டையில் பட்டதாக எடுத்துக்கொள்ளும். காது குடைவதை விடுங்கள்.

இதய நோயாளியான என் கணவருக்குப் படுத்தால் மூச்சு வாங்குகிறது. நுரையீரலில் நோயில்லை என்கிறார்கள். பிறகு ஏன்?

காற்றுப்பைகளை ஒட்டிய நுண் இரத்தக்குழாய்களின் அருகே ஒருவகைச் சி-இழை முனைகள் உள்ளன. இதயம் தளர்ந்து நுரையீரலில் இரத்தம் தேங்கி நீர் கசியும்போது அவை துடிக்கின்றன, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. இவற்றை 1950-களில் முதலில் கண்டு விவரித்தவர் அவ்தார் சிங் பெயின்டல், பர்மாவின் மோகோக்கில் பிறந்து டில்லியில் பணியாற்றிய உடலியல் அறிஞர். ஜே-ஏற்பிகள் என்று பெயர். தலையணையை உயர்த்துங்கள், ஆனால் அது மருந்தாகாது. நேற்றுவரை ஒரு தலையணை போதுமாக இருந்தவருக்கு இன்று மூன்று வேண்டும் என்றால், உடனே கிளினிக்குக்குப் போக வேண்டிய நேரம்.

பக்கவாதம் வந்த அம்மா கஞ்சி குடிக்கும்போது இருமுவதே இல்லை. நன்றாக விழுங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு இருமல் அனிச்சை மங்கிவிடலாம், முதுமையிலும் மங்கும். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நரம்போ மூளையோ அறியாது, பிறகு நிமோனியா வரும். குடித்தபின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அப்படி ஒலித்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியால், அவசரமில்லாமல் ஊட்டுங்கள்.

தைலம், தேன், இருமல் சிரப். எதில் உண்மை இருக்கிறது?

மூன்றிலும் கொஞ்சம். கோடாலித் தைலத்திலும் அதன் உறவினர்களிலும் இருக்கும் மென்தால், குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 என்ற புரதத்தைத் திறக்கிறது. எரிச்சல் செய்தியை அது தற்காலிகமாக அமுக்குகிறது. மூக்கடைப்புத் திறந்ததுபோல் தோன்றுவதும் அந்தக் குளிர்ச்சியால்தான், அடைப்பு அப்படியே இருக்கும். கைக்குழந்தையின் மூக்கருகே பூசாதீர்கள், குரல்வளை இறுகிவிடக்கூடும்.

தேன் சிறுவர்களின் இரவு இருமலுக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது. சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையில் வேலை செய்வது, நரம்பு நுனியில் அன்று. சளி நிறைந்த இருமலை அதைக் கொண்டு அடக்குவது, வெளியே போக வேண்டியதை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், காசநோய் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சளியில் இரத்தம், எடை குறைவு, இரவு வியர்வை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புகையோ ஆவியோ பலமாக ஏறிய நாளில், முதலில் சரியாகி இரவில் மூச்சு இறுகினால் அவசரப் பிரிவு.

போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்: பால் ஸ்டோரா, புகைக் கொட்டகையா, மருந்தடிப்பா. மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கலனில் ஒட்டிய லேபிளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் காட்டினால், நீங்கள் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்ல வேண்டியதில்லை.